நன்றி சொன்னவர்களும் நலம் பெற்றவர்களும்

(தொண்டு நிறுவன நிர்வாகமும் திட்ட மதிப்பீடும் என்ற பொருளில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இம்மாதிரி மேடைகளில் அறக்கட்டளையை நிறுவியவரின் அருங்குணங்களைக் கால் மணி நேரம் சொல்லிவிட்டுத்தான் பொருளுக்கு வருவது வழக்கம். ‘அதெல்லாம் வேண்டாம், நேரே விஷயத்துக்குப் போங்கள்’ என்று அவர் குடும்பத்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கொடுத்தவரை விட்டுவிட்டுக் கொடையைப் பற்றிப் பேசுவதுதான் இன்றைய தலைப்புக்கும் பொருத்தம்.

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான தாள். அட்டையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு பெண். உள்ளே இத்தனை கிராமம், இத்தனை பயிற்சி, இத்தனை பயனாளி என்று எண்கள். கடைசியில் ஆடிட்டர் கையெழுத்து. நடுப்பக்கத்தில் கட்டம் கட்டிய செய்தி ஒன்று: ‘இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்றே தெரியவில்லை’ என்று அந்தப் பெண் சொல்லியிருப்பார். அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. பணம் செலவானது உண்மை. பயிற்சி நடந்ததும் உண்மை. அந்தப் பெண் அப்படிச் சொன்னதும் உண்மை. ஆனால் திட்டத்தால் அவருக்கு நன்மை விளைந்ததா என்ற கேள்விக்கு மட்டும் அந்த அறிக்கையில் விடை கிடையாது. திட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார் அல்லவா! மதிப்பீட்டுத் துறை முழுவதும் அந்தத் ‘தெரியவில்லை’யில்தான் அடங்கியிருக்கிறது.

அதைத் தெரிந்துகொள்வதில் ஏறத்தாழ அரை நூற்றாண்டைச் செலவிட்ட ஒரு பேராசிரியையின் ஆய்வை இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜோன் மெக்கார்ட். அமெரிக்கக் குற்றவியல் கழகத்தின் முதல் பெண் தலைவர். 2004இல் காலமானார். அவர் ஆராய்ந்தது தன் சொந்தத் திட்டத்தை அல்ல. அவர் சிறுமியாக இருந்தபோது வேறொருவர் தொடங்கி முடித்துவிட்ட ஒரு தொண்டுத் திட்டத்தை.

அந்த வேறொருவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட். ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர். பிறகு அங்கேயே சமூக அறவியலும் கற்பித்தவர். 1931இல் அமெரிக்காவின் தேசியச் சமூகப் பணி மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, நீங்கள் செய்யும் பணியால் பலன் விளைகிறதா என்று அளந்து பார்க்க வழி காணுங்கள் என்று சமூகப் பணியாளர்களைக் கேட்டுக்கொண்டார். மருத்துவருக்கு இயல்பாக வரும் கேள்வி அது. ஊருக்குச் சொன்னதோடு நிற்காமல் 1935 முதல் தானே ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். பாஸ்டனை ஒட்டியுள்ள கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்கள். தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த, வறுமை மிகுந்த பகுதிகள். அங்கிருந்த சிறுவர்கள் திருட்டு, அடிதடி என்று வழிதவறிப் போகாமல் தடுக்க வேண்டும் என்பது நோக்கம்.

சிறுவர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். ‘அடங்காதவன்’ என்று பெயர் வாங்கியவர்களை மட்டும் சேர்த்தால் திட்டமே ஒரு முத்திரையாகிவிடும் என்று சாதாரணப் பையன்களையும் சேர்த்தார்கள். வயது, குடும்பச் சூழல், அறிவுத்திறன், குணம் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இருவரை இருவராக இணை சேர்த்தார்கள். பிறகு ஒவ்வொரு இணைக்கும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஒருவன் திட்டத்துக்குள் வந்தான். மற்றவன் எப்போதும்போல் இருந்தான். போர்க்காலத்தில் சிலர் கழிந்துபோக, இறுதியில் நின்றவை 253 இணைகள், 506 சிறுவர்கள்.

திட்டத்துக்குள் வந்தவனுக்கு என்ன கிடைத்தது? மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஆலோசகர் ஒருவர் வீடு தேடி வந்தார். குடும்பத்தாரோடு பேசினார். படிப்பில் பின்தங்கியவனுக்குத் தனிப்பாடம். உடம்புக்கோ மனத்துக்கோ குறையென்றால் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். கோடை விடுமுறையில் பலரை முகாமுக்கு அனுப்பினார்கள். சாரணர் இயக்கம், விளையாட்டு என்று நல்ல வழிகளில் சேர்த்துவிட்டார்கள். 1939இல் தொடங்கி 1945 வரை, ஒவ்வொரு சிறுவனுக்கும் சராசரியாக ஐந்தாண்டுக்கும் மேல் இந்தக் கவனிப்பு கிடைத்தது. இன்றைக்கு எந்தக் கொடையாளரிடம் இப்படியொரு திட்ட முன்மொழிவைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு காசோலை எழுதுவார். தொடங்கிய ஆண்டிலேயே கேபட் இறந்துபோனார். அவர் வைத்துவிட்டுப் போன பணத்தில் திட்டம் நடந்தது.

1951இல் முதல் மதிப்பீடு புத்தகமாக வந்தது. இரு தரப்புச் சிறுவர்களுக்கும் குற்றப் பதிவுகளில் வேறுபாடு காணவில்லை. சரி, விதை போட்டவுடனே காய்க்குமா, பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். 1950களின் நடுவில் ஜோன் மெக்கார்டும் அவர் கணவர் வில்லியமும் அதே சிறுவர்களைப் பற்றி மறுபடி ஆராய்ந்தார்கள். அப்போதும் பெரிய வேறுபாடு இல்லை. இத்தோடு விட்டிருந்தால், ‘நல்ல முயற்சி, பலன் போதவில்லை’ என்ற ஒரு வரியாக இந்தத் திட்டம் பாடநூல்களில் அடங்கியிருக்கும்.

மெக்கார்ட் விடவில்லை. 1970களின் நடுவில், அந்தச் சிறுவர்கள் நாற்பது வயதைக் கடந்த ஆண்களாகிவிட்ட பிறகு, ஒவ்வொருவராகத் தேடிப் போனார். நகர விவரத் தொகுப்பு, வாகனப் பதிவு, திருமண இறப்புப் பதிவுகள், நீதிமன்ற ஏடுகள், மனநல மருத்துவமனைப் பதிவுகள் என்று துருவித் துருவித் தேடி ஏறத்தாழ எல்லோரையும் கண்டுபிடித்தார். முப்பது ஆண்டுக்குப் பிறகு! நம் ஊரில் மூன்று ஆண்டுக்கு முன் பயிற்சி கொடுத்தவர்களின் கைப்பேசி எண்ணையே நிறுவனங்கள் தொலைத்துவிடுகின்றன.

அவர் 1978இல் வெளியிட்ட முடிவு மதிப்பீட்டு வரலாற்றில் ஒரு மைல்கல். திட்டத்தில் இருந்தவர்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு உதவியது என்றார்கள். தெருவில் திரிந்து கெட்டுப்போகாமல் தடுத்தது, பிறர்மேல் நம்பிக்கை வரச் செய்தது என்றெல்லாம் சொன்னார்கள். தங்கள் ஆலோசகரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தவர்கள் பலர். ஆனால் பதிவேடுகள் வேறு சொல்லின. குற்றம் செய்தோர் அளவு இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு குற்றம் செய்தவர் மறுபடியும் செய்வது திட்டத்தில் இருந்தவர்களிடம் அதிகம். குடிநோயின் அறிகுறியும் அதிகம். கடுமையான மனநோய் கண்டவர்களும் அவர்களில்தான் அதிகம். இறந்தவர்களைப் பார்த்தால், திட்டத்தில் இருந்தவர்கள் இளவயதிலேயே இறந்திருந்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய உடல்நோய்கள், வேலையில் நிறைவின்மை என்று எதை எடுத்தாலும் தராசு ஒரே பக்கம் சாய்ந்தது. பிற்காலத்தில் அவரே இணை இணையாகக் கணக்குப் பார்த்தார். 150 இணைகளில் இருவரும் ஒரே மாதிரி வாழ்ந்திருந்தார்கள். மீதி 103 இணைகளில், கவனிப்பே கிடைக்காத பையன் கெட்டுப்போனது 39இல். கவனிப்புக் கிடைத்த பையன் கெட்டுப்போனது 64இல்.

இந்த எண்ணைக் கேட்டவுடன் நமக்குள் எழும் முதல் எதிர்ப்பை நான் அறிவேன். ‘அப்படியெல்லாம் இருக்காது, எங்கோ கணக்குத் தப்பு.’ தேர்வில் கோளாறு என்று சொல்ல வழியில்லை. நாணயம் சுண்டித்தான் பிரித்தார்கள். ஆளைத் தவறவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கூடுதலாகக் கவனிப்புப் பெற்றவர்களிடம்தான் தீங்கும் கூடுதலாகத் தெரிந்தது. மருந்தைக் கூட்டக் கூட்ட நோயும் கூடினால் எந்த மருத்துவரும் மருந்தைத்தான் சந்தேகப்படுவார்.

ஏன் இப்படி ஆயிற்று? மெக்கார்ட் பல ஊகங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆலோசகர்மேல் சாய்ந்தே பழகியவன், அவர் போனபின் தடுமாறினானோ? நடுத்தர வர்க்கத்து ஆலோசகர் ஊட்டிய ஆசைகளுக்கும் அந்தச் சிறுவனுக்கு வாய்த்த வாழ்க்கைக்கும் இடைவெளி பெரிதாகிப்போனதோ? பிற்காலத்தில் அவர் மிகவும் அழுத்திச் சொன்னது கோடை முகாமைப் பற்றி. ஒரு முறைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடம்தான் தீங்கு குவிந்திருந்தது. மேற்பார்வை தளர்ந்த இடத்தில், ஒரே வயதுப் பையன்கள் கூடி, அவரவர் செய்த போக்கிரித்தனத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வழிதவறாமல் தடுக்க அனுப்பிய இடமே வழிதவறக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1999இல் வேறு இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, குழுவாகக் கூட்டிவைத்துச் செய்யும் இளைஞர் திட்டங்கள் பலவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு என்று எழுதினார்.

நன்றி பொய்யல்ல. அந்த மூன்றில் இரண்டு பங்கினர் பொய் சொல்லவில்லை. வீடு தேடி வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்த மனிதரை ஒருவர் அன்போடு நினைப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் திட்டம் வராத தன் இன்னொரு வாழ்க்கையை யாராலும் பார்க்க முடியாது. பயனாளியாலும் முடியாது, களப்பணியாளராலும் முடியாது. அந்த இன்னொரு வாழ்க்கையைத்தான் இணையில் மற்றவன் வாழ்ந்து காட்டினான். அவனைத் தேடிப் போகாத மதிப்பீடு நன்றியை எண்ணிவிட்டு வந்த மதிப்பீடுதான்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள். ‘பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேரை விட்டுவிடுவது அநியாயம் இல்லையா, சார்?’ நியாயமான கேள்வி. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இருந்து, கொடுப்பது நல்லது என்று உறுதியாகத் தெரிந்தும் கொடுக்காமல் விட்டால் அநியாயம்தான். பெரும்பாலும் நம் நிலை அப்படி இல்லை. நூறு கிராமத்தில் இருபதுக்குத்தான் பணம் இருக்கும். அந்த இருபதை இப்போது எப்படி முடிவுசெய்கிறார்கள்? சாலையோரம் இருப்பது, தலைவருக்குத் தெரிந்த ஊர், ஜீப் போக வசதியான ஊர். அதைவிடக் குலுக்கல் நியாயமானது. மிச்சக் கிராமங்களுக்கு இரண்டாம் ஆண்டு தரலாம். நல்லதா கெட்டதா என்பதே தெரியாதபோது, விடுபட்டதை இழப்பு என்றும் சொல்ல முடியாது; கேம்பிரிட்ஜில் விடுபட்ட பையன் அல்லவா பிழைத்தான்?

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1970களில் நியூ ஜெர்சியின் ராஹ்வே சிறையில், வழிதவறும் இளைஞர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தும் திட்டம் வந்தது. அதைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஆஸ்கார் விருதே வாங்கியது. ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள். பிறகு முறையான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறையைப் போய்ப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தத் திட்டம் பல இடங்களில் நின்றபாடில்லை. மக்களுக்குப் பிடித்துப்போன திட்டத்தை எண்களால் மட்டும் நிறுத்திவிட முடியாது.

இந்த இடத்தில் பேச்சு ஆய்விலிருந்து நிர்வாகத்துக்கு வருகிறது. டொனால்ட் கேம்ப்பெல் என்ற உளவியல் அறிஞர் 1969இல் எழுதிய கட்டுரையில் இருவகை நிர்வாகிகளைக் காட்டினார். ஒருவர், ‘இந்தத் திட்டம்தான் தீர்வு’ என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கியவர். திட்டம் பலன் தரவில்லை என்று தெரிந்தால் அவர் பதவியே போய்விடும். ஆகவே உண்மையான மதிப்பீட்டுக்கு அவர் ஒருபோதும் உடன்பட மாட்டார், உடன்படவும் முடியாது. அவர் கெட்டவர் அல்ல, சிக்கிக்கொண்டவர். இன்னொருவர், ‘இந்தப் பிரச்சினை தீர வேண்டும், இதைச் செய்து பார்க்கிறோம், சரிவராவிட்டால் வேறொன்றைச் செய்வோம்’ என்று சொல்லிப் பணம் வாங்கியவர். அவரால் தோல்வியைத் தாங்க முடியும். கேபட் இரண்டாம் வகை. நம் நாட்டில் தொண்டு நிறுவனத் தலைவர்களை முதல் வகைக்குத் தள்ளுவது யார் என்று கேட்டால், பழியில் பெரும்பங்கு கொடையாளருடையது என்றே சொல்வேன். சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நாம் எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்வது அதைத்தான். 2021இல் விதிகளைத் திருத்தி, சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடக் கடமைப்பட்ட கம்பெனிகள், 1 கோடியோ அதற்கு மேலோ செலவாகும் திட்டங்களுக்கு வெளியாளைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றார்கள். வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் விதியை ஊன்றிப் படித்தால் சங்கடம் புரியும். திட்டம் முடிந்து ஓராண்டாவது ஆன பிறகுதான் மதிப்பீடு. தொடங்கும் முன் நிலவரம் எடுக்க வேண்டும் என்றோ, திட்டம் போகாத ஊரோடு ஒப்பிட வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. பேஸ்லைன் இல்லாமல் எண்ட்லைன் மட்டும் எடுத்தால் கிடைப்பது என்ன? பயனாளிகளை வரிசையாக உட்காரவைத்து ‘உங்களுக்கு உபயோகமாக இருந்ததா?’ என்று கேட்கலாம். ‘ஆமாம் சார்’ என்பார்கள். அறிக்கையில் 94 சதவீதம் நிறைவு என்று அச்சாகும். மெக்கார்ட் தேடிப் போன மற்ற பையன் அங்கே கிடையாது. அந்த அறிக்கை கம்பெனியின் இயக்குநர் குழுவின் முன் வைக்கப்பட்டு, ஆண்டறிக்கையோடு இணைக்கப்படும். யாருக்காகத் திட்டம் நடந்ததோ அவர்களிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. மதிப்பிடுபவருக்குச் சம்பளம் கொடுப்பவரும் மதிப்பிடப்படுபவர்தான். அடுத்த ஆண்டும் அவருக்கு வேலை வேண்டும்.

நிர்வாகச் செலவு இன்னொரு சிக்கல். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். சி.எஸ்.ஆர். விதிகளில் கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் வரம்பு. ஊதாரித்தனத்தைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் நல்ல பதிவேடு, பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர், பழைய பயனாளியைத் தேடிப் போகும் பஸ் செலவு எல்லாம் பல கொடையாளர்களின் கண்ணில் நிர்வாகச் செலவுதான். ‘என் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஆபீஸுக்குப் போகக் கூடாது’ என்று பெருமையாகச் சொல்லும் கொடையாளர், திட்டம் பலித்ததா என்று தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்து அடைக்கிறார். கிரெகரி, ஹவர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் இதைத் தொண்டு நிறுவனங்களைப் பட்டினிபோடும் சுழற்சி என்று வருணித்தார்கள். கொடையாளர் நிர்வாகச் செலவைக் குறைவாக எதிர்பார்க்கிறார். நிறுவனம் குறைத்துக் காட்டுகிறது. அதைப் பார்த்துக் கொடையாளர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்.

எல்லோரும் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்கக் கூடாது. அல்நூர் இப்ராஹிம் என்ற பேராசிரியர் குஜராத்தில் இரண்டு கிராம வளர்ச்சி நிறுவனங்களை நெருங்கி ஆராய்ந்தவர். கொடையாளரின் படிவத்துக்கு ஒரு கணக்கு, தங்கள் வேலைக்கு உதவும் கணக்கு வேறு என்று நிறுவனங்கள் எப்படி இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்கின்றன என்று காட்டினார். பிற்பாடு ஹார்வர்டில் இருந்தபோது அவர் வைத்த வாதம் எனக்கு மிகவும் உடன்பாடு. வெள்ளத்தில் சோறு போடுபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் எல்லாம் நீண்டகாலத் தாக்கத்தை அளக்கப் போய்க் காலத்தை வீணாக்கக் கூடாது. எத்தனை பேருக்கு, எவ்வளவு விரைவாக, எவ்வளவு தரமாக என்று எண்ணினால் போதும். பசித்தவனுக்குச் சோறு போட்டால் பசி தீரும் என்பதற்குக் குலுக்கல் தேவையில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு ஆலோசனை சொன்னால் அவன் திருந்துவான் என்பதற்குத்தான் தேவை.

துணிந்து அளந்த ஓர் இந்திய நிறுவனத்தைச் சொல்கிறேன். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பகுதியில் பணிபுரியும் சேவா மந்திர். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ ஆகியோரோடு சேர்ந்து 134 கிராமங்களில் தடுப்பூசிச் சோதனை நடத்தினார்கள். குலுக்கலில் சில கிராமங்களில் மாதம் தவறாமல் ஊசி முகாம். வேறு சிலவற்றில் முகாமோடு, ஊசி போட்டுக்கொண்டு போகும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பு. எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மற்றக் கிராமங்கள் பழையபடி. பழையபடி இருந்த கிராமங்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. பருப்பும் சேர்ந்த ஊர்களில் 39. இதில் எனக்குப் பிடித்தது செலவுக் கணக்கு. பருப்புக்குக் காசு கொடுத்தும், ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு ஏறத்தாழ 56 டாலரிலிருந்து 28 டாலராகக் குறைந்தது. நர்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டால் பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் அவருக்கு அதே சம்பளம்தானே. இலவசம் கொடுத்துப் பழக்காதீர்கள் என்று உபதேசிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

அதே நிறுவனம் தோல்வியையும் வெளியிட அனுமதித்தது. அரசுத் துணைச் சுகாதார நிலையங்களுக்குச் செவிலியர் சரியாக வராததைச் சீர்செய்ய, நேரமுத்திரை பதிக்கும் எந்திரம் வைத்து, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாவட்ட நிர்வாகத்தோடு 2006இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதல் சில மாதம் வருகை மளமளவென்று ஏறியது. பிறகு, ‘விலக்கு நாள்’ என்று அதிகாரிகளே எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். 16 மாதத்தில், கண்காணித்த நிலையத்துக்கும் கண்காணிக்காத நிலையத்துக்கும் வேறுபாடே இல்லாமல் போனது. இரண்டு ஆய்வும் அச்சாகி, யாரும் படிக்கக் கிடைக்கின்றன. அடுத்து இதே வழியில் இறங்க நினைப்பவருக்கு இரண்டாவது முதலாவதைவிடப் பயன்படும்.

நம் மாநிலத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடைபோடுவது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு கொடுப்பது, தாய்க்கு வளர்ச்சி அட்டையைக் காட்டி விளக்குவது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்துவிட்டதால், எந்தப் பலன் எதனால் வந்தது என்று பிரிப்பது மதிப்பீட்டாளர்களுக்குப் பெரிய தலைவலி ஆனது. அப்படியும் கடும் ஊட்டக்குறைவு திட்டப் பகுதிகளில் வெகுவாகக் குறைந்ததைக் காட்டினார்கள். அதைப் பார்த்து 1995இல் வங்கதேசத்தில் அதே மாதிரித் திட்டம் தொடங்கியது. அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை. உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே 2005இல் காரணம் எழுதியது. பாடம் சொன்னது தாய்க்கு. ஆனால் அங்கே பல வீடுகளில் கடைக்குப் போவது ஆண். குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்று முடிவுசெய்வது மாமியார். குழந்தைக்குக் கொடுத்த உணவு வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூடுதலாகச் சேராமல் அதற்குப் பதிலாகிப்போனதும் உண்டு. நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவ அறிஞர் 2012இல் எழுதிய நூலில் இந்த இரண்டு திட்டங்களையும் எடுத்துக்காட்டாக வைத்தார். ஓரிடத்தில் பலித்தது என்ற சான்று இன்னோர் இடத்தில் பலிக்கும் என்பதற்குச் சான்றாகாது என்பது அவர் வாதம். மதுரையில் பலித்ததற்குத் துணைநின்ற காரணங்களை யாரும் பட்டியல் போட்டுக் கொண்டுபோகவில்லை.

எடைபோடுவது என்றேன். அங்கன்வாடியில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொக்கியில் தராசு தொங்கும். ஜட்டி மாதிரி தைத்த துணியில் குழந்தையை மாட்டித் தொங்கவிட்டதும் அது வீரிட்டு அழுது காலை உதைக்கும். முள் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். வெளியே இன்னும் ஏழெட்டுத் தாய்மார். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். பணியாளர் ‘ஒன்பதரை’ என்று எழுதிவிட்டு அடுத்த குழந்தையைத் தூக்குவார். பதிவேட்டைப் புரட்டினால் ஒன்பது, ஒன்பதரை, பத்து, பத்தரை என்றே வரிசையாக நிற்கும். ஒன்பது கிலோ முந்நூறு கிராம் எடையுள்ள குழந்தை ஊரிலேயே இல்லாததுபோல. இந்த எண்கள்தான் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போய்ப் புள்ளிக்குப் பின் இரண்டு தானத்தோடு அறிக்கையில் உட்காருகின்றன. பணியாளரை நான் குறை சொல்லவில்லை. முள் நிற்கும்வரை காத்திருக்க அவருக்கு நேரமும் கிடையாது; காத்திருந்ததற்காக யாரும் அவரைப் பாராட்டப் போவதும் இல்லை. மதிப்பீட்டுக்கென்று செலவிடும் பணத்தில் முதல் ரூபாய் இந்த இடத்துக்குத்தான் வர வேண்டும், கருத்தரங்க மண்டபத்துக்கு அல்ல.

அவையில் அறங்காவலர்களும், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பொறுப்பாளர்களும் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது, வேலை தொடங்கும் முன்பே நிலவரம் எடுக்கவும், திட்டம் போகாத சில ஊர்களையும் கணக்கில் சேர்க்கவும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்; அதை நிர்வாகச் செலவில் சேர்த்து மிரட்டாதீர்கள். திட்டம் பலிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லும் நிறுவனத்துக்கு, அதே பிரச்சினைக்கு வேறு வழி தேட இரண்டாண்டுப் பணம் தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுங்கள். மதிப்பீட்டின் முடிவு எதுவானாலும், அதை முதலில் அந்த ஊர் மக்கள் கூடும் இடத்தில் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மேசைக்கு அது அதற்குப் பிறகு வந்தால் போதும்.